ஆழாக்கு: பொருளும் அளவும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

"அரிசி ஆழாக்கானாலும் அடுப்புக்கட்டி மூன்று வேண்டும்" என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. சமைப்பது எவ்வளவு கொஞ்சமானாலும் அதற்கான ஏற்பாடு முழுதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்தைச் சரியாகச் சொல்பவர்களும் அந்த ஆழாக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டால் தயங்குகிறார்கள். ஒருவர் 168 என்கிறார், இன்னொருவர் 200 என்கிறார், மூன்றாமவர் தம் வீட்டு டம்ளரைக் காட்டுகிறார். மூவரும் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை விளக்கி, பழைய குறிப்பேட்டில் "ஆழாக்கு" என்று எழுதியிருப்பதை இன்றைய அடுப்படியில் பிழையில்லாமல் கையாளும் முறையை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது: சொல் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுதல்

ஆழாக்கு முகத்தல் அளவை. பாத்திரத்தால் முகந்து அளப்பதனால் அப்பெயர். பலம், வீசை ஆகியவை எடையின் பெயர்கள். ஆழாக்கும் படியும் கொள்ளளவின் பெயர்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், "ஓர் ஆழாக்கு எத்தனை கிராம்" என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது என்பது உடனே விளங்கும். அரிசிக்கு ஒரு விடை, கோதுமை மாவுக்கு வேறொரு விடை.

வாய்பாடு இது: 360 நெல் கொண்டது ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படிக்கு நாழி என்றும் பெயர் உண்டு. அதற்கு மேல் எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று கணக்கு களத்துமேட்டுக்குப் போய்விடும். அடுப்படிக்கு அது தேவையில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எட்டு ஆழாக்கு ஒரு படி.

ஆழாக்குக்கு மேலே ஒவ்வோர் அளவும் முந்தியதைப் போல இரு மடங்காகச் செல்வதைக் கவனியுங்கள். அதனால்தான் இதே அளவுகளுக்குப் பின்னப் பெயர்களும் அமைந்தன. உரி என்பது அரைப்படி. உழக்கு என்பது கால்படி. ஆழாக்கு என்பது அரைக்கால்படி. ஒரு குறிப்பில் "அரைக்கால்படி உளுந்து" என்றும் மற்றொன்றில் "ஆழாக்கு உளுந்து" என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. கால், அரைக்கால் என்ற பின்னச் சொற்கள் பள்ளிப் பாடத்திலிருந்து நழுவிவிட்டதனால், அரைக்காலைப் பலர் "அரையும் காலும்" என்று பிரித்து முக்கால்படியாக எடுத்துக்கொள்கிறார்கள். கால் பங்கில் அரை என்பதே சரி. அதாவது எட்டில் ஒன்று.

இந்தச் சொற்கள் நேற்று வந்தவை அல்ல. தொல்காப்பியம் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் தொடங்கும் ஒன்பது எழுத்துகளைச் சொல்லும் இடத்தில், உகரத்தில் தொடங்கும் அளவுப் பெயருக்கு உரையாசிரியர்கள் உழக்கையே எடுத்துக்காட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டு, அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று வருகிறது. எந்தப் பாத்திரத்தால் அளப்பது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது: ஆடவல்லான் என்னும் பெயருடைய அளவையால். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, உழக்கு என்று சொன்னால் மட்டும் போதாது, எவருடைய உழக்கு என்றும் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைய குழப்பத்தின் வேரும் இதுவே.

இரண்டாவது: சொல்லைச் சரியாக எழுதுதலும் சொல்லுதலும்

இதற்கு ஒரு பகுதி எதற்கு என்று தோன்றலாம். எழுத்து மாறினால் சொல் வேறாகிவிடுகிறது என்பதே காரணம். "ஆளாக்கு" என்று எழுதினால் ஒருவரை ஆளாக்கி நிறுத்துவது என்ற பொருள் வந்துவிடும். ழகரம் இச்சொல்லுக்கு இன்றியமையாதது. உழக்கும் அப்படியே, பேச்சில் "ஒழக்கு" என்று ஒலித்தாலும் எழுத்தில் உழக்கு.

அளவைச் சொல்லும்போது "கள்" சேர்ப்பதில்லை. "நான்கு ஆழாக்கு அரிசி" என்பதே மரபு. அலமாரியில் இருக்கும் நான்கு பாத்திரங்களைச் சுட்டினால்தான் ஆழாக்குகள். எழுத்து வழக்கில் "ஓர் ஆழாக்கு" என்பது பொருத்தம். "ஆழாக்குப் பால்", "ஆழாக்குத் தண்ணீர்" என்று வல்லினம் மிகும். "ஆழாக்குக்கு இரண்டரை" என்று சுருக்கமாக வந்தால், ஓர் ஆழாக்கு அரிசிக்கு அதே பாத்திரத்தால் இரண்டரை முறை தண்ணீர் என்று பொருள். "அதே பாத்திரத்தால்" என்பது எழுதப்படுவதே இல்லை. எழுதியவருக்கு அது சொல்லாமலே விளங்கிய செய்தி. நமக்கு விளங்காமல் போவதும் அதுதான்.

மூன்றாவது: எந்த ஆழாக்கு என்று கண்டுபிடித்தல்

இக்கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இன்று அச்சிலும் இணையத்திலும் பரவலாகத் தரப்படும் கணக்கில் ஒரு படி ஏறத்தாழ 1,344 மில்லிலிட்டர்; ஆகவே உரி 672, உழக்கு 336, ஆழாக்கு 168. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னைக் கணக்கில் ஒரு மரக்கால் 750 கன அங்குலம். அதை 64 ஆல் வகுத்தால் ஓர் ஆழாக்கு சுமார் 192 மில்லிலிட்டர் வருகிறது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் எடை அளவைகள் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, கடைகளில் லிட்டர் அளவைகள் நுழைந்தன. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தையே "லிட்டர் படி" என்று மக்கள் அழைத்தார்கள். அந்தப் படியை எட்டாகப் பகுத்தால் 125 மில்லிலிட்டர்தான். இவற்றோடு, 200 மில்லிலிட்டர் கொள்ளும் எவர்சில்வர் டம்ளரையே ஆழாக்கு என்று வழங்கும் வீடுகளும் ஏராளம். ஆக 125, 168, 192, 200 என்று நான்கு வேறுபட்ட ஆழாக்குகள் நம்மிடையே உலவுகின்றன. சிறியதற்கும் பெரியதற்கும் இடையே ஒன்றரை மடங்குக்கு மேல் வேறுபாடு.

வாய்பாட்டில் உள்ள நெல்லை எண்ணிப் பார்த்தால் தெளிவு கிடைக்குமா என்று முயல்பவர்களுக்கு ஒரு சொல். ஓர் ஆழாக்கு என்பது வாய்பாட்டின்படி 1,800 நெல். ஆயிரம் நெல்மணி பொதுவாக 20 முதல் 30 கிராம் வரை எடை இருக்கும். 1,800 மணியை இன்றைய 168 மில்லிலிட்டர் ஆழாக்கில் கொட்டினால் அது ஏறத்தாழப் பாதிதான் நிரம்பும். ஆகவே நெல் எண்ணிக்கையை வைத்துப் பாத்திரத்தின் அளவைத் தீர்மானிக்க இயலாது. எண்ணிக்கையும் பாத்திரமும் காலப்போக்கில் விலகிவிட்டன; எட்டுக்கு ஒன்று என்ற உறவு மட்டும் விலகவில்லை.

உங்களிடம் பழைய பித்தளை ஆழாக்கு இருந்தால் வேலை எளிது. சமையலறைத் தராசில் பாத்திரத்தை வைத்துச் சுழியாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரின் ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர் என்பதால், தராசு காட்டும் எண்ணே கொள்ளளவு. தராசு இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை எடுத்து, ஆழாக்கால் எத்தனை முறையில் அது நிரம்புகிறது என்று பாருங்கள். எட்டு முறையானால் 125. ஏறத்தாழ ஆறு முறையானால் 168. ஐந்து முறை சரியாக ஊற்றி நிரம்பினால் 200. ஐந்துக்குப் பின்னும் சிறிது தேவைப்பட்டால் 192.

எங்கள் வீட்டு ஆழாக்கு அரிசி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். பித்தளை, அடிப்புறம் கறுத்து, ஒரு பக்க விளிம்பு மட்டும் மெலிந்து லேசாக உட்பக்கம் சாய்ந்திருக்கும். பாட்டி எப்போதும் அந்தப் பக்கத்தை அரிசிக்குள் செலுத்தியே முகந்ததால் வந்த தேய்மானம் அது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது 164 கிராம் காட்டியது. பல்லாண்டுத் தேய்மானத்துக்கும் சிறு நெளிவுக்கும் பிறகு நான்கு கிராம் குறைவு என்பது எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. அவருடைய குறிப்பேட்டிலுள்ள ஆழாக்கு 168 தான் என்பது அன்று உறுதியாயிற்று.

பாத்திரம் கைக்கு வராமல் குறிப்பேடு மட்டும் வந்திருந்தால் குறிப்பேட்டையே விசாரிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் படியும் ஆழாக்கும் சேர்ந்து வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். "ஒரு படி அரிசிக்கு இரண்டு ஆழாக்கு உளுந்து" என்று இருந்தால், எட்டுக்கு இரண்டு, அதாவது நான்குக்கு ஒன்று. இட்லி மாவின் வழக்கமான விகிதமே வந்துவிட்டதால், படியும் ஆழாக்கும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவை என்று நம்பலாம். மாறாக "ஒரு படி அரிசிக்கு ஓர் ஆழாக்கும் கொஞ்சமும்" என்று இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். லிட்டர் படியால் அரிசியையும் 200 மில்லிலிட்டர் டம்ளரால் உளுந்தையும் அளந்த வீடாக அது இருக்கலாம். அங்கே ஐந்து ஆழாக்குதான் ஒரு படி. ஐந்துக்கு ஒன்றேகால் என்பதும் நான்குக்கு ஒன்றுதானே.

அடுத்த சான்று, எத்தனை பேருக்கு என்ற குறிப்பு. 168 மில்லிலிட்டர் ஆழாக்கில் தலைதட்டிய அரிசி சுமார் 140 கிராம். அது வெந்தால் நன்றாக உண்ணும் ஒருவருக்கு, அல்லது அளவாக உண்ணும் இருவருக்குப் போதும். குறிப்பில் "ஆழாக்கு அரிசி, மூன்று பேர்" என்றிருந்தால் பெரிய ஆழாக்கு என்று கொள்ள இடமுண்டு. இது உறுதியான சான்று ஆகாது. உண்பவர்களின் பசியை நாம் அளக்க முடியாது.

நான்காவது: அளக்கும் முறை

தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குறிப்பு ஒன்றும் சொல்லாவிட்டால் தலைதட்டிய ஆழாக்கு என்றே கொள்வது நல்லது. அரிசியை முகந்து, விரலின் பக்கவாட்டாலோ கத்தியின் முதுகாலோ விளிம்பை ஒட்டி வழித்துவிடுவதே தலைதட்டுதல். குவித்து முகந்தால், வாய் அகன்ற பாத்திரத்தில் கோபுரமாக நிற்கும் அரிசி கணிசமானது. வாய் குறுகிய உயரமான பாத்திரத்தில் அது சிறிதளவுதான். ஆகவே குவித்து அளப்பவர் பாத்திரத்தை மாற்றினால் சமையலும் மாறும்.

மாவுக்கு இன்னும் கவனம் வேண்டும். பாத்திரத்தைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் மாவு இறுகி அதிகமாக அடங்கும். கரண்டியால் தளர்வாக இட்டு வழித்தெடுப்பதே சீரான வழி. புளியையோ துருவிய தேங்காயையோ அமுக்கி அளந்ததாகக் குறிப்பில் இருந்தால், அங்கே மட்டும் அமுக்குங்கள்.

பெரிய அளவில் அளக்கும்போது எண்ணிக்கை தவறுவது வழக்கம். நெல் அளப்பவர்கள் "ஒன்று" என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று உரக்கச் சொல்லியே அளப்பார்கள். அடுப்படியிலும் வாய்விட்டு எண்ணுவது நல்ல பழக்கம். பதினாறு ஆழாக்கு அளக்கும்போது நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதினொன்றா பன்னிரண்டா என்ற ஐயம் எப்படி வரும் என்பது விசேஷ நாள்களில் சமைத்தவர்களுக்குத் தெரியும். எட்டு ஆனதும் ஒரு மிளகாயையோ புளியங்கொட்டையையோ ஓரமாக வைத்துவிட்டால் ஒவ்வொரு படியும் கணக்கில் நிற்கும்.

ஐந்தாவது: விகிதமாகப் படித்தல்

வெண்பொங்கலுக்குப் பாட்டியின் குறிப்பு இப்படி இருந்தது: "பச்சரிசி ஆழாக்கு, பயத்தம்பருப்பு அரை ஆழாக்கு, தண்ணீர் ஐந்து." நான் முதன்முதலில் தனியாகச் சமைத்த நாளில் அரிசியையும் பருப்பையும் பித்தளை ஆழாக்கால் பயபக்தியுடன் அளந்தேன், தண்ணீரை மட்டும் கைக்கு எட்டிய பெரிய டம்ளரால் ஐந்து முறை ஊற்றினேன். அது 250 மில்லிலிட்டர் டம்ளர். ஆழாக்கால் ஐந்து என்றால் 840 மில்லிலிட்டர்தான். நான் ஊற்றியது 1,250. குக்கரைத் திறந்தபோது மிளகும் சீரகமும் கஞ்சியின் மேல் மிதந்தன. தொலைபேசியில் சொன்னதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "தண்ணிய எதால அளந்தே?" என்பதுதான். அரிசியைப் பற்றியோ தீயைப் பற்றியோ அவர் கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால், ஆழாக்கின் துல்லியமான மில்லிலிட்டர் தெரியாவிட்டாலும் பெரும்பாலான குறிப்புகளைச் சமைத்துவிடலாம். எல்லாப் பொருள்களும் ஆழாக்கில் சொல்லப்பட்டிருக்கும் வரை, எந்தக் கிண்ணத்தை எடுத்தாலும் ஒன்றே; விகிதம் கலையாது. வெண்பொங்கல் 1, ½, 5. இட்லிக்குப் புழுங்கலரிசி 4, உளுந்து 1. குக்கரில் சோறு வடிக்காமல் வைக்கப் பழைய அரிசிக்கு 2½ முதல் 3 வரை, புது அரிசிக்கு 2 அளவில்.

மில்லிலிட்டர் தெரிந்தே ஆக வேண்டிய இடம், ஆழாக்கோடு வேறு வகை அளவுகள் கலக்கும் இடம். "ஓர் ஆழாக்கு மாவுக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு", "நான்கு ஆழாக்கு பச்சரிசிக்கு அரைக் கிலோ வெல்லம்" என்று வந்தால் உங்கள் ஆழாக்கின் அளவு உப்பையும் இனிப்பையும் நேரடியாகத் தொடும். பழைய குறிப்புகளில் வெல்லமும் புளியும் பலத்தில் இருப்பதுண்டு; ஒரு பலம் சுமார் 35 கிராம் என்று கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். 125 மில்லிலிட்டர் ஆழாக்குக்கு எழுதிய உப்பை 200 மில்லிலிட்டர் ஆழாக்குக்குப் போட்டால் சப்பென்று இருக்கும். தலைகீழாகச் செய்தால் வாயில் வைக்க முடியாது. இத்தகைய குறிப்புகளில் உப்பைப் பாதியில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுவதே பாதுகாப்பு. முறுக்கு, அதிரசம் போல இடையில் திருத்த முடியாத பண்டங்களுக்கு மட்டும் மூன்றாவது பகுதியில் சொன்ன விசாரணையை முழுமையாகச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆறாவது: இன்றைய அளவுகளுக்கு மாற்றுதல்

168 மில்லிலிட்டரை அடிப்படையாகக் கொண்டால், தலைதட்டிய ஓர் ஆழாக்கில் அரிசி சுமார் 140 கிராம், சர்க்கரை 140, ரவை 120, கோதுமை மாவு 85 முதல் 90, எண்ணெய் ஏறத்தாழ 155 கிராம் இருக்கும். அரிசியின் இரகமும் ஈரமும் மாவின் நயமும் இவற்றைச் சற்றே மாற்றும். 200 மில்லிலிட்டர் ஆழாக்கானால் ஒவ்வொன்றையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம்.

கடையில் விற்கும் அளவுக் கோப்பை 240 அல்லது 250 மில்லிலிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, 168-க்கு மிக அருகில் வரும். மின்சார அரிசிக் குக்கருடன் வரும் சிறு கோப்பை 180 மில்லிலிட்டர். ஜப்பானின் பழைய முகத்தல் அளவான "கோ" வழி வந்தது அது. இரு நாடுகளின் அடுப்படிகளும் ஒருவருக்கான அரிசிக்கு ஏறத்தாழ ஒரே அளவுப் பாத்திரத்தைத் தேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. வெளியூரில் தங்கி, ஆழாக்கு கைவசம் இல்லாதவர்கள் அந்தக் குக்கர் கோப்பையையே ஆழாக்காகக் கொள்ளலாம்; அன்றாடச் சமையலில் வேறுபாடு தெரியாது.

ஏழாவது: அடுத்தவருக்கு எழுதி வைத்தல்

பாத்திரத்தின் கொள்ளளவைக் கண்டுபிடித்ததும், குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: "இதில் ஆழாக்கு என்பது 168 மில்லிலிட்டர், தலைதட்டி." குறிப்புகளின் உள்ளே சொல்லைத் திருத்த வேண்டாம். ஆழாக்கை அழித்து "கப்" என்று எழுதினால், அந்தக் கப் 240-ஆ 250-ஆ 200-ஆ என்று அடுத்த தலைமுறை மீண்டும் தேடத் தொடங்கும். விகிதங்களும் அரைகுறை எண்களாகிவிடும். சொல்லை அப்படியே விட்டு, பொருளை முகப்பில் எழுதுவதே பயனுள்ளது. குறிப்பு எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் அதனருகே சேர்த்தால் நல்லது.

நான் அந்த வரியைப் பாட்டியின் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினேன். வெண்பொங்கல் பக்கத்தில் மட்டும் "தண்ணீர் ஐந்து" என்பதற்கு மேலே, சிறிய எழுத்தில், "ஆழாக்கால்" என்று ஒரு சொல் சேர்த்தேன்.